இன்னும் புகையாத்தான் இருக்கு

சார், ஒன்று சொல்லப்போகிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. உங்க பக்கத்தில் அக்காவும் அவங்க மடியில் பாப்பாவும் தூங்குவதால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருக்கும். முன்னாடியே சொல்லிவிட்டேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ஆனால் உடனே சொல்ல மாட்டேன். இருங்க. உடனே சொன்னால் பாதிச் சிரிப்புதான் வரும். மிமிக்ரி பண்ணுகிறவனுக்கு இதுதான் முதல் பாடம். போன ஆண்டு விழாவில் எங்கள் ஹெட்மாஸ்டர் மாதிரிப் பேசினேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் தொண்டையை மட்டும் செருமினேன். அவர் அப்படித்தான், செருமாமல் பேச வராது. செருமி முடிப்பதற்குள் மொத்த ஸ்கூலும் உருண்டுவிட்டது. பேசவே தேவைப்படவில்லை. ஹெட்மாஸ்டரும் சிரித்தார். மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், அது வேறு.

அப்பா டீக்கடையில்தான் நிற்கிறார், போய்விடவில்லை. "டீ குடிச்சுட்டு வந்துர்றேன் சார்" என்று இறங்கினார் இல்லையா, அதோ, பஜ்ஜி போடுகிற அடுப்புக்குப் பக்கத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு. வந்துவிடுவார். மலையடிவாரம் இல்லையா, இந்தக் காட்ரோட்டில் எல்லா வண்டியும் கொஞ்ச நேரம் நிற்கும். இதற்கு மேல் மலை ஆரம்பித்துவிடும், வளைவுக்கு வளைவுதான். அதுவரைக்கும் நான் இருக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். கொடைரோடு ஸ்டேஷனில் நீங்கள் ஏறினதிலிருந்து முன்னாடி ஒரு பொம்பளைக் குரல் வழி சொல்லிக்கொண்டு வந்ததே, கவனிச்சீங்களா? "இருநூறு மீட்டரில் வேகத்தடை உள்ளது. வேகத்தைக் குறைக்கவும்." "இடது புறம் மாடு நிற்கிறது. வலது புறமாகச் செல்லவும்." போன் மாட்டைக்கூடச் சொல்லுமா என்று நீங்கள் அக்காவிடம் கேட்டீங்க. எனக்கு அடக்க முடியவில்லை. அது போன் இல்லை சார். நான்தான். என் போன் சார்ஜ் இல்லாமல் பாக்கெட்டில் செத்துக் கிடக்கிறது.

பார்த்தீங்களா, சிரிச்சிட்டீங்க! நான் சொன்ன சிரிப்பு இது இல்லை சார். இது சும்மா.

அந்தக் குரல் அப்பாவின் ஏற்பாடு. முன்னெல்லாம் வீட்டில் நான் யார் குரலில் பேசினாலும் முறைப்பார். "சொந்தக் குரல்ல ரெண்டு வார்த்தை பேசுடா மாறா. எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு" என்பார். என் பெயர் இளமாறன். இந்த ரெண்டு மாசமாகத்தான் அவருக்கு என் அருமை தெரிந்திருக்கிறது. லீவு விட்ட நாளிலிருந்து எந்தச் சவாரிக்குப் போனாலும் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்கிறார். "அந்தப் பொம்பள மாதிரி சொல்லுடா. ஸ்பீட் பிரேக்கர், பள்ளம், குறுக்க வர்ற ஆளு, எதுன்னாலும் சொல்லு. கிட்ட வந்து சொல்லாத. தூரத்துலயே சொல்லிரு." போர்டு வந்தால் அதையும் வாசிக்க வேண்டும். கேட்டால், "பன்னெண்டாவது போகப்போற, உனக்கு வாசிக்கத் தடுமாறுது" என்கிறார். நானா தடுமாறுகிறேன்? செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறேன். 'கூர்மையான வளைவு, ஒலி எழுப்பவும்.' எப்படி?

ஆனால் சார், ஒரு மனுஷன் லீவு பூராவும் சீட் பெல்ட்டுக்குள்ளேயே கிடக்க முடியுமா? என் கூட்டாளிகள் எல்லாம் மஞ்சளாறு அணைக்குக் குளிக்கப் போகிறார்கள். நான் இங்கே வேகத்தடை எண்ணிக்கொண்டிருக்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து இந்த இடம் வரைக்கும் எத்தனை வேகத்தடை, எது உயரம், எது தேய்ந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வந்துவிட்டேன் சார். விஷயம் ஹெட்லைட்.

எங்கள் அப்பா தங்கமாயன் என்றால் வத்தலக்குண்டு ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் வண்டி ஏற்றுகிறார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்த வருஷம்தான் ரெண்டு விழுந்தது. ஒன்று ஸ்டாண்டுத் தூணில், ஒன்று எங்கள் வீட்டுக் கேட்டில். அதுகூட லைட்டால் வந்தது என்று அவரே சொல்கிறார்.

பொங்கல் முடிந்து பிடித்த கிறுக்கு இது. ஒரு நாள், "மாறா, முன்கண்ணாடி மங்கலா இருக்குடா" என்றார். செய்தித்தாளை நனைத்துத் துடைத்தேன். மறுநாளும் மங்கல். துடைத்தேன். வைப்பர் கோடு போடுகிறது என்றார். ரப்பரை மாற்றினோம். அப்புறம் ஊரில் உள்ள டிரைவரை எல்லாம் திட்ட ஆரம்பித்தார். "எதுத்தாப்புல வர்றவன் பூரா லைட்ட ஏத்தி வெச்சுக்கிட்டு வர்றான்டா. மூஞ்சிக்கு நேரா மத்தாப்பு கொளுத்துற மாதிரி இருக்கு." அதற்கு நான் என்ன பண்ண? போலீஸ்காரர் மாதிரி விசில் அடித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஹெட்லைட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம். அப்புறம் முகம் தெளிந்துவிட்டது. "இதாண்டா. இதுலதான் புகை படிஞ்சிருக்கு." பரீட்சையில் பாஸ் ஆனவன் மாதிரி எழுந்தார்.

பொய் சொல்லக் கூடாது, அது புகைதான் படிந்திருந்தது. இப்போதெல்லாம் லைட்டுக்கு மேல் இருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். ஒன்பது வருஷ வெயில் குடித்தால் உறைந்த நெய் மாதிரி மஞ்சளாக ஆகிவிடும். வண்டியை சவரிமுத்து அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் விட்டு லைட்டையே மாற்றிவிடப் போவதாக அப்பா சொன்னார். அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது.

சவரிமுத்து அண்ணனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீங்க. எந்நேரமும் வெற்றிலை. எச்சில் ஒழுகாமல் இருக்க முகவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "அண்ணே, என்னான்னு கேட்டா" வரும். நான் என்ன பண்ணுவேன் என்றால், வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை நிறுத்திக்கொண்டு மேலே பார்த்துப் பேசுவேன். அவர் பெண்டாட்டியே ஏமாந்திருக்கிறார்.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனேன். அப்பா முன்கூடத்தில். அடித்தேன். சார், இதில் ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? அம்மா போனிலிருந்து அடித்தால் அப்பா போனில் 'பஞ்சு' என்று பெயர் வரும், அம்மாவின் போட்டோ முழுத் திரைக்கும் வரும். அது எனக்கு அடித்த பிறகுதான் உறைத்தது. செத்தோம் என்று நினைத்தேன். அப்பா எடுத்து, "யாரு?" என்றார்!

அவ்வளவு நம்பிக்கை சார் என் குரல் மேல். திரையைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, என்னான்னு கேட்டா, சவரி பேசுறேண்ணே. லைட்டு மாத்தணும்னு சொன்னீங்களாம்ல? எதுக்குண்ணே வெட்டியா? என்னான்னு கேட்டா, வீட்லயே தேச்சுரலாம்ணே. தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளு மூணு தினுசு, பல்லு விளக்குற பேஸ்ட்டு, கிழிஞ்ச சாக்ஸு ஒண்ணு. கொழந்தைக்குப் பல்லு விளக்கி விடுற மாதிரி வட்டம் வட்டமாத் தேய்க்கணும். கைய மட்டும் எடுக்கப்படாது."

என் திட்டம் என்ன? எங்கள் அப்பா, அந்த மீசையோடு, தெருவில் உட்கார்ந்து காருக்குப் பல் விளக்கிவிட வேண்டும். தெருவே பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சின்ன ஆசை.

"அப்படியா சவரி? தேச்சாலே தெளிஞ்சிருமா?" என்றார் அப்பா. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அந்தக் குரலில்? போனை வைத்தார். நான் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரிக்கத் தயாரானேன். முன்கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"மாறா! எங்கடா இருக்க? இங்க வா, உனக்கு ஒரு வேலை."

சிரிங்க சார், பரவாயில்லை. என் வலையில் நானே. ஆனால் இதுவும் அது இல்லை. அது பின்னால் வருகிறது.

அதோ, பாருங்க, அப்பா இன்னும் போனில்தான் இருக்கிறார். சௌந்தர் என்கிறவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடைக்காரர்தான் நம்பர் போட்டுக் கொடுத்தார், நான் பஜ்ஜி வாங்கப் போனபோது காதில் விழுந்தது. "மேல வரைக்கும் வண்டிய ஏத்தி விட்டாப் போதும்டா. உன்ன பஸ்ஸுல திருப்பி அனுப்பி விட்டுர்றேன்" என்று கெஞ்சுகிறார். அந்த சௌந்தர் இன்னொரு டிரைவர். வர மாட்டார், பழனியில் கல்யாணச் சவாரி. எதற்கு அவரைக் கூப்பிடுகிறார் என்று கேட்கிறீங்களா? எல்லாம் இந்த லைட் பைத்தியம்தான். லைட் புகையாக இருக்கிறது என்று சாயங்காலச் சவாரி எடுப்பதையே விட்டுவிட்டார். உங்களுடையதும் மத்தியானச் சவாரிதானே? ரயில் மூணு மணி நேரம் லேட்டாக வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. பிளாட்பாரத்தில் அவர் ரயிலைப் பார்த்ததைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

சரி. தேய்த்த கதை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. லைட்டைச் சுற்றிப் பெயின்ட் மேல் படாமல் டேப் ஒட்டணும். முதலில் முரட்டுத் தாள், தண்ணீர் தொட்டு. தேய்க்கத் தேய்க்கப் பால் மாதிரி வழியும். அந்தப் பால் மஞ்சளாக வந்தால் அழுக்கு இன்னும் இருக்கிறது, வெள்ளையாக வந்தால் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் அடுத்த தாள், அதற்கு அடுத்த நைஸ் தாள். இந்தக் கட்டத்தில் லைட் முன்னைவிட மோசமாக, பூஞ்சை பூத்த மாதிரி வெள்ளையாகத் தெரியும். பயந்துவிடக் கூடாது. அதற்கு மேல் பேஸ்ட் வைத்து சாக்ஸால் வட்டம் போட வேண்டும். போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் கட்டை விரல் ஊறிப்போய்க் கிழவன் விரல் மாதிரி ஆகிவிட்டது. தெருமுனையில் பயல்கள் பந்து விளையாடுகிற சத்தம் கேட்கிறது. நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அம்மா வாசலில் வந்து நின்று, "ஏங்க, இருக்கிற பேஸ்ட்ட எல்லாம் வண்டிக்கே பிதுக்கிட்டா நாங்க எதுல விளக்குறது, சாம்பல்லயா?" என்றார்.

சாயங்காலம் இருட்டத் தொடங்கினதும் அப்பா வந்து லைட்டைப் போடுவார். வீட்டுக்கு எதிரே காலி மனை, அதன் மதில் சுவரில் வெளிச்சம் விழும். வண்டிப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்ப்பார். ரொம்ப நேரம் பார்ப்பார். அப்புறம் சொல்வார்:

"இன்னும் புகையாத்தான் இருக்கு."

நான் இப்போது சொன்னது சரியாக வரவில்லை சார். எனக்கே தெரிகிறது. ஹெட்மாஸ்டர் வருகிறார், சவரி வருகிறார், போன் பொம்பளை வருகிறார், அப்பா திட்டுவது வருகிறது, கொட்டாவி விடுவதுகூட வருகிறது. இந்த ஒரு வாக்கியம் மட்டும் வர மாட்டேன் என்கிறது. மெதுவாகத்தான் சொல்கிறார். சுவரிடம் சொல்கிற மாதிரி. ஆனால் அதில் வேறு என்னவோ ஒன்று கலந்திருக்கிறது, அதைப் பிடிக்க முடியவில்லை. குளிக்கும்போதெல்லாம் முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை சார்! நாலாவது வாரம் அந்த லைட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். தேய்த்துவிட்டு அப்படியே விட்டால் வெயிலில் மறுபடி மஞ்சளாகிவிடும் என்று மேலே பூசுகிற மருந்தும் வாங்கிப் பூசினேன். தெருவில் போகிறவர்கள், "தங்கமாயா, புது லைட்டா?" என்று கேட்டார்கள். அப்பா சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னும் புகையாத்தான் இருக்கு."

அதனால் சவரி மறுபடி போன் பண்ண வேண்டியதாகிவிட்டது.

இந்த முறையும் அம்மா போன். இந்த முறையும் "யாரு?" "அண்ணே, என்னான்னு கேட்டா, சவரிண்ணே. ரொம்பத் தேச்சா பிளாஸ்டிக்கு வெடிச்சிரும்ணே. போதும், விட்ருங்க."

அப்பா "சரி" என்றார். அப்புறம், "சவரி, ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்குமாடா?" என்றார்.

"மங்கும்ணே. ஒரே வெயிலுதானே."

"தேய்க்கத் தேய்க்கக் கூடுதேடா சவரி. நேத்து கெங்குவார்பட்டிகிட்ட சைக்கிள்காரன் ஒருத்தன் திடீர்னு முன்னால நிக்கிறான். எங்க இருந்து வந்தான்னே தெரியல. மாறன் கத்தினான், பிரேக்கப் போட்டேன். அவன் இல்லேன்னா..."

அந்தச் சைக்கிள்காரர் திடீரென்று எல்லாம் வரவில்லை சார். அரை கிலோமீட்டராக முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு மாங்காய் தின்றுகொண்டிருந்ததால் சொல்லாமல் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் சவரி அதைச் சொல்ல முடியாது இல்லையா? சவரிக்கு எப்படித் தெரியும்?

"சவரி, உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். வீட்ல யாருக்கும் தெரியாது..." என்றார் அப்பா.

சார், அப்போது என் நிலைமையை நினைச்சுப் பாருங்க. முகத்தை மேலே தூக்கி வைத்திருக்கிறேன், வாயில் தண்ணீர், சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அவர் என்னவோ ரகசியம் சொல்லப்போகிறார், அதுவும் பெற்ற பிள்ளையிடமே! மூக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. புரை ஏறிவிட்டது. டக்கென்று கட் பண்ணிவிட்டேன்.

என்ன ரகசியம் என்று தெரியாது. சீட்டுப் பிடித்திருப்பார், அம்மாவுக்குத் தெரியாமல். வேறென்ன இருக்கப்போகிறது?

அவர் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கூப்பிடவில்லை. அம்மாவிடம் வந்து, "பஞ்சு, சவரி நம்பர எடுத்துப் போட்டுக் குடேன்" என்றார். அம்மா கையில் மாவு. "நீங்களே போட்டுக்கங்க, கண்ணு இல்லையா?" என்றார். அப்பா போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏன் சார், என்ன யோசிக்கிறீங்க? கேளுங்க, இப்போதுதான் அந்த இடம் வருகிறது. நான் சத்தியம் பண்ணின சிரிப்பு. அக்கா எழுந்துவிட்டாங்க போலிருக்கே! நல்லது, அவங்களும் கேட்கட்டும்.

எங்கள் தெருவில் டெய்சி டீச்சர் இருக்கிறார். போன மாசம் புதுக் கார் வாங்கினார். இதே கம்பெனி, இதே மாடல், இதே வெள்ளை. லைட் எல்லாம் பளிங்கு. தெரு குறுகல் என்பதால் அந்தக் காலி மனையில்தான் அவரும் நிறுத்துகிறார். துடைப்பதற்கு என்னிடம் சாவி கொடுத்திருக்கிறார். புரியுதா? புரிஞ்சிருச்சா?

போன ஞாயிறு. சாயங்காலம் ஏழு மணி. எங்கள் வண்டியைத் தேய்க்கவே இல்லை. ஒரு வட்டம்கூடப் போடவில்லை. டீச்சர் வண்டியைத் திறந்து அதன் லைட்டைப் போட்டேன். எங்கள் வண்டி நாலு அடி தள்ளி இருட்டில் சும்மா நிற்கிறது. "அப்பா, தேச்சு முடிச்சாச்சு, வந்து பாருங்க!"

அப்பா வந்தார். நேராக டீச்சர் வண்டிக்குப் போனார். பானெட் மேல் கையை வைத்துக்கொண்டார், நம் வண்டி மாதிரியே. சார், இது டாக்ஸி. நம்பர் போர்டு மஞ்சள். டீச்சருடையது சொந்த வண்டி, வெள்ளை போர்டு. புது ரிப்பன்கூட இன்னும் கழற்றவில்லை. முன்னால் வந்து குனிந்து லைட்டைத் தடவினார். போர்டு அவர் முழங்காலில் இடிக்கிறது! இருபத்திரண்டு வருஷ டிரைவருக்கு மஞ்சள் போர்டுக்கும் வெள்ளை போர்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை! நான் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு நிற்கிறேன். சுவரில் வெளிச்சம் சுண்ணாம்பு அடித்த மாதிரி விழுகிறது. ஒரு எறும்பு போனால் தெரியும்.

அப்பா சுவரைப் பார்க்கிறார். பார்க்கிறார். பார்க்கிறார்.

"இன்னும் புகையாத்தான் இருக்கு."

புது வண்டி சார்! ஷோரூமிலிருந்து வந்து ஒரு மாசம் ஆகவில்லை! அந்த லைட்டைப் பார்த்துப் புகையாக இருக்கிறதாம்! நான் மனைக்குப் பின்னால் ஓடிப்போய், கருவேல முள் குத்துவதுகூடத் தெரியாமல் உருண்டு உருண்டு சிரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா டீச்சர் வண்டியின் லைட்டை என் சாக்ஸால் துடைத்துக்கொண்டிருக்கிறார். வட்டம் வட்டமாக. கையை எடுக்காமல்.

சார்?

அக்கா, நீங்களாவது சிரிங்க அக்கா. வெள்ளை போர்டு, புரியலையா? நான் சரியாகச் சொல்லவில்லையோ? அவர் என்ன கொடுத்தாலும் திருப்திப்படாத ஆள், பிடிவாதக்காரர், அதுதான் இதில்...

ஏன் சார் பையை எடுக்கிறீங்க? இன்னும் மலையே ஏறவில்லையே. பாப்பாவை எதற்கு எழுப்புறாங்க? இருட்டினதுக்கு எல்லாம் பயப்படாதீங்க, எங்கள் அப்பாவுக்கு இந்த மலையில் ஒவ்வொரு வளைவும் தெரியும். தெரியாததை நான் சொல்லிவிடுவேன். நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிவிடுவார். ரெண்டு மாசமாக அப்படித்தானே ஓட்டுகிறோம். நான் சொல்லாமல் அவர் ஒரு வேகத்தடைகூட...

ஒரு வேகத்தடைகூட...

இருங்க சார், அப்பா வந்துட்டார். கையில் கிளாஸ் பார்த்தீங்களா? பாப்பாவுக்குப் பால் வாங்கியிருக்கிறார். சிந்தாமல் எப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறார் பாருங்க. அவர் நல்லவர் சார். ரொம்ப நல்லவர்.

எங்கே போகிறார்?

அப்பா எங்கே போகிறார்? அது வேற வண்டி. அதுவும் வெள்ளைதான், ஆனால் அது யாருடையதோ. உள்ளே ஆளே இல்லை. வெள்ளை போர்டு போட்டிருக்கு. குனிகிறார். ஜன்னலுக்கு நேராகக் கிளாஸை நீட்டுகிறார். சிரிக்கிறார் சார், அந்தக் காலி சீட்டைப் பார்த்து. கேட்குதா? "சார், பாப்பாவுக்குச் சூடா பால் வாங்கிட்டு வந்தேன். கண்ணாடிய இறக்குங்க சார்."

சார், இத நான் பண்ணல. சத்தியமா இத நான் பண்ணல சார். நான் ஒண்ணுமே பண்ணல. நான் இங்கயேதான உக்காந்திருக்கேன்.

காத்துக்கிட்டு நிக்கிறாரு.

அன்னைக்கு சவரிகிட்ட அதத்தான் சொல்ல வந்தாரு.

இருங்க, நான் போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன். சத்தம் போட்டுக் கூப்புட வேண்டாம், கடையில எல்லாரும் பாப்பாங்க. சாவிய நான் வாங்கிர்றேன். குடுத்துருவாரு. நான் கேட்டா குடுத்துருவாரு.

சார், உங்களுக்கு மலையில வண்டி ஓட்டத் தெரியுமா?